கண்ணாடிக் கதவும் கறுப்பு பெல்ட்டும்: துணி உலர்த்தும் இயந்திரத்தின் கதை



இன்றைய பதிவு கொஞ்சம் நீளம். காபியை ஆற்றிக்கொண்டு மெதுவாகப் படியுங்கள்.

இன்று டிரையரைப் பற்றிப் பேசப் போகிறேன். முதலில் ஒரு விளக்கம். நம் ஊரில் டிரையர் என்றால் செமி ஆட்டோமேட்டிக் வாஷிங் மெஷினில் பக்கத்தில் இருக்கும் சின்னத் தொட்டி. அது துணியை வேகமாகச் சுழற்றித் தண்ணீரை உதறும். சூடு கிடையாது. எடுத்துக் கொடியில் போட்டால்தான் காயும். நான் சொல்வது அதுவல்ல. கனடாவிலும் அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் வீட்டுக்கு வீடு தனியாக நிற்குமே, ஈரத்துணியைப் போட்டால் ஒரு மணி நேரத்தில் சூடாகக் காய்ந்து வெளியே வருமே, அந்த இயந்திரம்.

நம் பள்ளியில் படித்த பிள்ளைகளில் பலர் இன்று குளிர் நாடுகளில் இருக்கிறார்கள். தை மாதத்தில் அங்கே வெளியே துணி போட்டால் அப்பளம்போல் விறைத்துப் போகும். எனவே அவர்களுக்கு டிரையர் ஆடம்பரம் அல்ல, அடுப்பைப்போல ஓர் அவசியம். அந்த டிரையரின் டிரம் ஒருநாள் சுற்றாமல் நின்றுவிட்டால் பெரும்பாலும் காதில் விழும் வாக்கியம் ஒன்றுதான்: "பழசாகிவிட்டது, புதிது வாங்கிவிடுங்கள்." இது எவ்வளவு தூரம் உண்மை? பதில் அந்த இயந்திரம் பிறந்த கதையிலேயே இருக்கிறது. அதனால்தான் வரலாற்றிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

நெருப்பின் மேல் சுழன்ற பீப்பாய்

1800-ஆம் ஆண்டை ஒட்டி, பிரான்சு நாட்டில் போஷோன் என்பவர் ஒரு கருவி செய்தார். உலோகத்தால் ஆன பீப்பாய். உடம்பெல்லாம் துளைகள். பக்கத்தில் ஒரு கைப்பிடி. பிழிந்த துணியை உள்ளே போட்டு, நெருப்பின் மேல் வைத்து, கையால் சுற்ற வேண்டும். அதற்கு 'வென்டிலேட்டர்' என்று பெயர். காய்ந்த துணியில் புகை நாற்றமும் கரியும் ஒட்டிக்கொண்டன. சில நேரம் துணியே கருகியது.

ஆனாலும் அவர் பிடித்த அடிப்படை சரியானது. துணி காய மூன்று வேண்டும்: சூடு, காற்றோட்டம், துணி மடிந்து கிடக்காமல் புரண்டுகொண்டே இருப்பது. நம் மொட்டைமாடிக் கொடியில் வெயில் சூட்டைக் கொடுக்கிறது, காற்று ஈரத்தை எடுத்துச் செல்கிறது, துணி விரிந்து தொங்குவதால் மூன்றாவது தேவை தானாகவே நிறைவேறுகிறது. பெட்டிக்குள் அடைத்த துணிக்கு அந்த மூன்றாவதைக் கொடுக்கத்தான் டிரம் சுற்றுகிறது. டிரம் நின்றால் மேலே இருக்கும் துணி சுடும், நடுவில் இருப்பது ஈரமாகவே கிடக்கும்.

அடுத்து சொல்ல வேண்டிய பெயர் ஜார்ஜ் டி. சாம்சன். அமெரிக்காவில் ஒஹாயோ மாநிலத்தின் டேட்டன் நகரைச் சேர்ந்த கறுப்பினத்தவர். 1892 ஜூன் 7-ஆம் தேதி துணி உலர்த்தும் கருவி ஒன்றுக்குக் காப்புரிமை பெற்றார். இன்றைய மின்சார டிரையரையே அவர்தான் கண்டுபிடித்தார் என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. அது சரியல்ல. அவர் செய்தது அடுப்பின் பக்கத்தில் துணியைத் தொங்கவிடும் சட்டங்கள். வேண்டும்போது விரித்துக்கொள்ளலாம், வேண்டாதபோது மடக்கி வைத்துவிடலாம். அதில் டிரம்மும் இல்லை, மின்சாரமும் இல்லை. அதனால் அவர் பெருமை குறைந்துவிடாது. திறந்த நெருப்பிலிருந்து துணியை விலக்கி, அடுப்பின் வெப்பத்தை மட்டும் பயன்படுத்திக்கொண்டது நல்ல சிந்தனை. ஒருவரைப் பாராட்டும்போது அவர் செய்ததைச் சொல்லிப் பாராட்டுவதே மரியாதை.

ஒரு கொட்டகையில் தொடங்கியது

இப்போது நாம் காணும் டிரையரின் நேர் முன்னோர் அமெரிக்காவின் வடக்கே, நார்த் டகோட்டா மாநிலத்தில் பிறந்தது. அங்கே குளிர்காலத்தில் வெப்பநிலை பூஜ்யத்துக்குக் கீழே வெகுதூரம் இறங்கும். ஜே. ராஸ் மூர் என்பவர், அந்தக் குளிரில் துணி காயப்போடும் அவதியைத் தாங்க முடியாமல், வீட்டை ஒட்டி ஒரு கொட்டகை போட்டு, உள்ளே அடுப்பு வைத்து, அதில் துணியைத் தொங்கவிட்டார். பிறகு எண்ணெயில் சூடாகும் ஒரு டிரம் செய்தார். பிறகு எரிவாயுவில் ஒன்று, மின்சாரத்தில் ஒன்று என்று வடிவமைத்துப் பார்த்தார். நிறுவனம் நிறுவனமாக ஏறி இறங்கினார். பலர் வேண்டாம் என்றார்கள்.

கடைசியில் கைகொடுத்தது விஸ்கான்சின் மாநிலத்தில் டூ ரிவர்ஸ் என்ற சிற்றூரில் இருந்த ஹாமில்டன் நிறுவனம். சுவரொட்டி அச்சிட உதவும் மர எழுத்துகளைச் செய்து பெயர் பெற்ற நிறுவனம் அது. அந்த மர எழுத்துகளுக்கு அதே ஊரில் இன்றும் ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது. 1938-இல் அவர்களுடைய டிரையர் விற்பனைக்கு வந்தது. பெயர் 'ஜூன் டே'. நமக்கு ஜூன் என்றால் பள்ளி திறக்கும் மாதம். அவர்களுக்கு ஜூன் என்றால் இதமான வெயில். வெளியே பனி கொட்டினாலும் வீட்டுக்குள் ஜூன் மாத வெயில் என்பது அந்தப் பெயரின் பொருள்.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். இது ஏதோ பெரிய ஆய்வுக்கூடத்தில் பிறந்த மாயப் பெட்டி அல்ல. தன் வீட்டுச் சிரமத்தைத் தீர்க்க ஒரு மனிதர் கொட்டகையில் தட்டிக் கொட்டிச் செய்தது.

கதவில் கண்ணாடி வைத்தவர்

ஹாமில்டன் நிறுவனம் தங்கள் டிரையரைப் பார்க்கச் சொல்லி ஒரு வடிவமைப்பாளரை அழைத்தது. மில்வாக்கி நகரைச் சேர்ந்த புரூக்ஸ் ஸ்டீவன்ஸ். அவர் பார்த்தது ஒரு வெள்ளைப் பெட்டி. உள்ளே என்ன நடக்கிறது என்று தெரியாத பெட்டியை யார் வாங்குவார்கள் என்பது அவர் கேள்வி. கதவில் கண்ணாடி வையுங்கள், கடையில் காட்சிக்கு வைக்கும் இயந்திரத்தில் பளிச்சென்ற வண்ணத்தில் உள்ளாடைகளைப் போட்டுச் சுற்றவிடுங்கள் என்றார். அப்படியே செய்தார்கள். துணி புரண்டு விழுவதைப் பார்க்கக் கடையில் ஆட்கள் நின்றார்கள்.

இரண்டாம் உலகப் போரின்போது, 1942-இல், அமெரிக்காவில் இத்தகைய வீட்டு இயந்திரங்களின் உற்பத்தி நிறுத்தப்பட்டது. தொழிற்சாலைகள் போர்த் தளவாடங்களுக்குத் திரும்பின. போர் முடிந்ததும் புதுக் குடியிருப்புகள் எழுந்தன, டிரையர் வீடுகளுக்குள் நுழைந்தது. 1956 முதல் மின்சார நிறுவனங்கள் "மின்சாரத்தோடு நன்றாக வாழுங்கள்" என்ற பெரிய விளம்பர இயக்கமே நடத்தின. பின்னாளில் குடியரசுத் தலைவரான ரொனால்டு ரீகன் அப்போது தொலைக்காட்சியில் அதற்காகப் பேசிய முகங்களில் ஒருவர்.

அந்தக் காலத்திலேயே, 1954-இல், அதே புரூக்ஸ் ஸ்டீவன்ஸ் மினியாபொலிஸ் நகரில் விளம்பரத் துறையினர் முன் ஓர் உரை நிகழ்த்தினார். 'திட்டமிட்ட வழக்கொழிவு' என்ற கருத்தை ஊரெங்கும் பரப்பியது அந்த உரை. ஒரு பொருள் தேவைப்படுவதற்குக் கொஞ்சம் முன்பே, இன்னும் கொஞ்சம் புதியதாக, இன்னும் கொஞ்சம் சிறந்ததாக வேண்டும் என்ற ஆசையை வாங்குபவர் மனத்தில் விதைப்பதுதான் அவர் சொன்ன பொருள்.

அவருக்கு நியாயமாக ஒன்று சொல்ல வேண்டும். சீக்கிரம் கெட்டுப்போகும்படி செய்யுங்கள் என்று அவர் சொல்லவில்லை. ஆசையைத்தான் சொன்னார். ஆனால் அந்த ஆசை நமக்குள் வேரூன்றிய பிறகு, ஒரு பொருள் நின்றுபோனவுடன் "ஏன் நின்றது?" என்று கேட்பதற்குப் பதிலாக "எந்த மாடல் வாங்கலாம்?" என்று கேட்கப் பழகிவிட்டோம்.

கண்ணாடிக் கதவு எல்லோர் கண்ணிலும் பட்டது. டிரம்மைச் சுற்றவைக்கும் பெல்ட் உள்ளேயே மறைந்திருந்தது. இனி அந்தப் பெல்ட்டைப் பார்ப்போம்.

பெல்ட்டின் வயது டிரையரைவிட அதிகம்

எட்டாம் வகுப்பில் கப்பி பாடம் நடத்தினேனே, நினைவிருக்கிறதா? அம்மாவின் தையல் இயந்திரத்தைப் பார்த்து வரச் சொல்வேன். கீழே பெரிய சக்கரம், மேலே சின்னச் சக்கரம், இரண்டையும் இணைக்கும் தோல் பட்டை. காலால் மெதுவாக மிதித்தாலும் மேலே ஊசி படபடவென்று ஓடும். பெரியதிலிருந்து சிறியதற்குப் போனால் வேகம் கூடும், சிறியதிலிருந்து பெரியதற்குப் போனால் வேகம் குறையும்.

19-ஆம் நூற்றாண்டின் ஆலைகளில் ஒரே நீராவி இயந்திரம், கூரையோடு ஓடும் ஒரு நீண்ட தண்டு, அதிலிருந்து ஒவ்வோர் இயந்திரத்துக்கும் இறங்கும் தட்டையான தோல் பட்டை என்றுதான் அமைப்பு இருந்தது. மின்மோட்டார் வந்த பிறகு ஒவ்வோர் இயந்திரத்துக்கும் தனி மோட்டார் கிடைத்தது. ஆனாலும் பட்டை போகவில்லை. தட்டைப் பட்டைக்கு ஒரு குறை உண்டு. பாரம் கூடினால் வழுக்கும். 1917-இல் அமெரிக்காவின் டென்வர் நகரில் கேட்ஸ் ரப்பர் நிறுவனத்தின் ஜான் கேட்ஸ், ரப்பரையும் நூலையும் சேர்த்து 'வி' வடிவப் பெல்ட்டை உருவாக்கினார். கப்பியின் பள்ளத்தில் ஆப்புபோல இறுகிக்கொள்ளும். இழுக்க இழுக்கப் பிடிப்பு கூடும். நம் ஊர் மாவு மில்லிலும் கம்ப்ரசரிலும் நீங்கள் பார்ப்பது இதன் வாரிசுகளைத்தான்.

டிரையரில் இருப்பது அதற்கும் அடுத்த தலைமுறை. மெல்லிய பட்டை. உள்பக்கத்தில் நீளவாக்கில் வரிவரியாகச் சின்னச் சின்ன 'வி' வடிவங்கள். மெல்லியதாக இருப்பதால் மிகச் சிறிய கப்பியைச் சுற்றியும் வளையும். அமெரிக்காவில் பரவலாக உள்ள ஒரு வகைப் பெல்ட்டின் நீளம் சுமார் 92 அங்குலம், அகலம் கால் அங்குலம். அதாவது ஏழரை அடிக்கு மேல் நீளம், சுண்டுவிரலைவிடக் குறைந்த அகலம். அவ்வளவுதான். ஈரப் போர்வை நிரம்பிய டிரம்மை அதுதான் சுற்றுகிறது.

எப்படி முடிகிறது? ஒரு சின்னக் கணக்கு. அமெரிக்க டிரையர் மோட்டார் நிமிடத்துக்கு 1725 சுற்று ஓடும். டிரம் ஏறக்குறைய 50 சுற்றுதான் சுற்ற வேண்டும். அதைவிட மிக வேகமாகச் சுற்றினால் துணி சுவரோடு ஒட்டிக்கொண்டு கூடவே சுற்றும், புரளாது. மெதுவாகச் சுற்றினால் அடியிலேயே உருண்டுகொண்டிருக்கும். 1725-ஐ 50-ஆல் வகுத்தால் 34.5. அத்தனை மடங்கு வேகத்தைக் குறைக்கப் பற்சக்கரப் பெட்டி வைத்தால் விலை ஏறும், சத்தமும் வரும். அதற்குப் பதிலாக டிரம்மையே பெரிய கப்பியாக்கிவிட்டார்கள்! டிரம்மின் விட்டம் சுமார் 27 அங்குலம். அதை 34.5-ஆல் வகுத்துப் பாருங்கள். முக்கால் அங்குலத்துக்குச் சற்று மேல் வரும். மோட்டார் முனையில் இருக்கும் கப்பி ஏறக்குறைய அந்த அளவுதான்.

டிரம்மின் வெளிச்சுவரைச் சுற்றிப் பெல்ட், கீழே மோட்டார் கப்பி, பெல்ட் தொய்யாமல் ஸ்பிரிங் கொண்டு இழுத்துப் பிடிக்கும் இன்னொரு சின்னக் கப்பி. டிரம்மைத் தாங்கப் பின்னால் இரண்டு ரோலர்கள், முன்னால் வழுக்குப் பட்டைகள், காற்றுக் கசியாமலிருக்கக் கம்பளிப் பட்டை. மாடலுக்கு மாடல் சிறு மாற்றம் இருக்கும். ஆனால் பல பத்தாண்டுகளாக அடிப்படை இதுவே. தேயக்கூடிய பாகங்கள் விலை குறைந்தவை, தனியாகக் கழற்றி மாட்டக்கூடியவை. மிதிவண்டிக்கு டியூப் எப்படியோ, டிரையருக்குப் பெல்ட் அப்படி. டியூப் பஞ்சரானதற்காக மிதிவண்டியைத் தூக்கி எறிந்தவர்கள் நம் தெருவில் உண்டா?

டிரம் நின்றால் என்ன பார்க்க வேண்டும்?

மகள் வீட்டுக்குப் போய் ஆறு மாதம் தங்கியிருந்தபோது இதை நேரில் பார்த்தேன். நல்ல பனிக்காலம். பேரன் துணி மலைபோல் குவிந்து கிடக்கிறது, டிரையர் உறுமுகிறது, டிரம் அசையவில்லை. தொலைபேசியில் கேட்டால், வந்து பார்க்கவே ஒரு தொகை, பத்து வருட இயந்திரம் என்றால் மாற்றிவிடுவதே மேல் என்றார்கள். மாப்பிள்ளை கணினியில் புதிய மாடல் விலை பார்க்கத் தொடங்கிவிட்டார்.

"மாப்பிள்ளை, மூடியை மட்டும் ஒருமுறை திறந்து பார்ப்போமே" என்றேன்.

"அத்தை, இதெல்லாம் நாம கை வைக்கலாமா?" என்றார்.

"பிளக்கைப் பிடுங்கிட்டா அது வெறும் தகரப் பெட்டிதானே? பாருங்க" என்றேன்.

உள்ளே பெல்ட் இரண்டாக அறுந்து, பஞ்சுத் தூசிக்குள் செத்த பாம்புபோல் கிடந்தது. புதுப் பெல்ட் 15 டாலருக்குள் முடிந்தது. அன்றைக்கு மாப்பிள்ளை கற்றுக்கொண்டதைப் பிறகு இரண்டு நண்பர்கள் வீட்டில் செய்து கொடுத்திருக்கிறார்.

அங்கே இருக்கும் பிள்ளைகளுக்காக, வரிசையாக எழுதுகிறேன்.

முதல் விதி, பிளக்கைப் பிடுங்குங்கள். வட அமெரிக்காவில் மின்சார டிரையருக்கு வருவது 240 வோல்ட். விளையாட்டல்ல. எரிவாயு மாடலாக இருந்தால் வால்வையும் மூட வேண்டும். எரிவாயு வாசனை வந்தால் எதையும் தொடாமல் வெளியேறி உரியவரை அழையுங்கள்.

இரண்டாவது, கதவைத் திறந்து டிரம்மைக் கையால் சுற்றிப் பாருங்கள். பெல்ட் நன்றாக இருந்தால் மோட்டாரையும் சேர்த்து இழுப்பதால் கொஞ்சம் கனமாக இருக்கும். காற்றாடிபோல் லேசாகச் சுற்றினால் பெல்ட் அறுந்திருக்கும். சுற்றவே மறுத்தால் ரோலரோ வழுக்குப் பட்டையோ சிக்கியிருக்கும், அல்லது காசோ பட்டனோ இடுக்கில் மாட்டியிருக்கும்.

மூன்றாவது, காது. "தட் தட்" என்று சீராக அடித்தால் ரோலர் ஓரிடத்தில் தட்டையாகியிருக்கும். கீச்சென்று கத்தினால் இழுத்துப் பிடிக்கும் கப்பியோ ரோலர் அச்சோ தேய்ந்திருக்கும். இரும்பு உரசும் ஓசை வந்தால் கம்பளிப் பட்டையோ வழுக்குப் பட்டையோ போயிருக்கும். ரப்பர் கருகும் வாடை வந்தால் பெல்ட் வழுக்குகிறது. மோட்டார் சத்தமே இல்லை என்றால் உடனே பெல்ட்டைக் குறை சொல்ல வேண்டாம். கதவு சுவிட்சோ ஃபியூஸோ போயிருக்கலாம். அதே சமயம், பெல்ட் அறுந்தால் மோட்டாரே ஓடாதபடி தடுக்கும் சுவிட்ச் சில மாடல்களில் உண்டு. அதனால் கையால் சுற்றிப் பார்க்கும் சோதனையை முதலில் செய்யுங்கள்.

நான்காவது, திறக்கும் முறை. இது பஞ்சு வடிகட்டி மேல்மூடியில் இருக்கும் பழைய பாணி அமெரிக்க மாடலுக்கானது. வடிகட்டியை எடுத்து, அந்த வாயருகே இருக்கும் ஸ்க்ரூக்களைக் கழற்றவும. பெயின்டர் வைத்திருக்கும் பட்டி பிளேடை மேல்மூடிக்கும் முன்பலகைக்கும் நடுவே, இரு மூலைகளின் அருகே செருகி அழுத்தினால் மூடி காரின் பானட்போல எழும்பும். கதவு சுவிட்சின் ஒயரைக் கழற்றுமுன் கைபேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். முன்பலகையின் உள்பக்க ஸ்க்ரூக்களை எடுத்து, ஒருவர் டிரம்மைத் தாங்கிக்கொள்ள, இன்னொருவர் பலகையைத் தூக்கி எடுக்க வேண்டும். தகரத்தின் ஓரம் கத்திபோல் இருக்கும், கையுறை போடுங்கள்.

ஐந்தாவது, பழைய பெல்ட்டை எடுத்ததும் தூசியை வாக்குவம் வைத்து உறிஞ்சுங்கள். ரோலர்களை விரலால் சுற்றி ஆட்டமும் தேய்மானமும் இருக்கிறதா என்று பாருங்கள். புதுப் பெல்ட்டின் வரிப்பக்கம் டிரம்மைப் பார்த்திருக்க வேண்டும். பழைய பெல்ட் ஓடிய தடம் டிரம்மில் கோடாகத் தெரியும், அதே இடத்தில் போடுங்கள். கீழே இழுவைக் கப்பியைத் தள்ளிப் பிடித்து, பெல்ட்டை அதன் வழியே வளைத்து மோட்டார் கப்பியில் மாட்டுங்கள். இழுவைக் கப்பி தொடுவது பெல்ட்டின் வழவழப்பான முதுகை. கையால் இரண்டு மூன்று சுற்று டிரம்மைச் சுற்றிப் பெல்ட் முறுக்கிக்கொள்ளவில்லை என்று உறுதி செய்த பிறகே மூட வேண்டும்.

புதுவகை ஹீட் பம்ப் டிரையர்களில் குளிர்பதனப் பெட்டிபோல வாயு அடைத்த குழாய்கள் உண்டு. அந்தப் பக்கம் கை வைக்காதீர்கள்.

தெரிந்திருந்தது, பிறகு மறந்தது

இதையெல்லாம் வீட்டில் இருப்பவர்களே செய்வது அந்த நாடுகளில் ஒரு காலத்தில் சாதாரணம். மாடல் எண்ணைச் சொல்லிப் பாகத்தைத் தபாலில் வரவழைப்பார்கள். பல டிரையர்களில் இன்றும் பெட்டிக்குள்ளேயே, பலகைக்குப் பின்னால், மடித்த தாள் ஒன்று செருகப்பட்டிருக்கும். மின்சுற்று வரைபடமும் சோதனை முறையும் அதில் இருக்கும். தொழில்நுட்பர்களுக்காக வைத்த தாள்தான், ஆனால் தேடினால் நம் கண்ணிலும் படும்.

1967-இல் மேடாக் நிறுவனம் ஒரு விளம்பரம் செய்தது. தங்கள் இயந்திரங்கள் கெடுவதே இல்லை என்பதால் வேலையில்லாமல் தனிமையில் வாடும் ஒரு பழுதுபார்ப்பவர். ஜெஸ்ஸி ஒயிட் என்ற நடிகர் நடித்தார். அமெரிக்காவில் எல்லோருக்கும் தெரிந்த முகமானார். இன்று எனக்கு அந்த விளம்பரம் வேறு விதமாகத் தெரிகிறது. இன்று பழுதுபார்ப்பவருக்கு வேலை குறைந்தால், அதற்குக் காரணம் இயந்திரம் கெடாதது மட்டும் அல்ல. கெட்டதும் தூக்கிப் போடுகிறோம் என்பதும்தான்.

இதற்கு எதிர்வினையும் எழுந்தது. 2009 அக்டோபரில் ஆம்ஸ்டர்டாமில் மார்ட்டினே போஸ்ட்மா என்ற பெண்மணி முதல் 'ரிப்பேர் கஃபே'யை நடத்தினார். கெட்ட பொருளை எடுத்துக்கொண்டு போனால், தெரிந்தவர்கள் உடன் உட்கார்ந்து சரிசெய்யக் கற்றுத் தருவார்கள். இன்று பல நாடுகளில் இது நடக்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2021 மார்ச் முதல் வாஷிங் மெஷின்களுக்கும், 2025 ஜூலை முதல் டிரையர்களுக்கும், விற்பனை நின்ற பின்னும் பல ஆண்டுகள் உதிரிபாகம் கிடைக்க வேண்டும் என்று விதித்திருக்கிறது. கலிபோர்னியாவில் 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள சட்டம், 100 டாலரும் அதற்கு மேலும் விலையுள்ள வீட்டு இயந்திரங்களுக்குக் கடைசி உற்பத்தியிலிருந்து 7 ஆண்டுகள் பாகங்களும் விவரக் குறிப்புகளும் தர வேண்டும் என்கிறது. நம் நாட்டிலும் மத்திய நுகர்வோர் துறை 2022 டிசம்பர் 24 அன்று 'பழுதுபார்க்கும் உரிமை' இணையதளத்தைத் தொடங்கியது.

கொட்டகையில் ஒருவர் கையால் செய்த ஒரு பொருளைத் திறந்து பார்க்க, எண்பது ஆண்டுகள் கழித்துச் சட்டம் போட வேண்டியிருக்கிறது. ஆனால் சட்டம் பாகத்தைத்தான் வாங்கித் தரும். திறந்து பார்க்கும் மனம் நம்மிடம்தான் இருக்க வேண்டும்.

பஞ்சுத் தூசி, கொடிக்கயிறு

இரண்டு விஷயம் சொல்லி முடிக்கிறேன்.

ஒன்று, தூசி. அமெரிக்கத் தீயணைப்பு நிர்வாகம் 2008 முதல் 2010 வரையிலான கணக்கைப் பார்த்தபோது, வீடுகளில் டிரையரால் ஆண்டுக்குச் சுமார் 2,900 தீ விபத்துகள் நடந்திருந்தன. முதன்மைக் காரணம் சுத்தம் செய்யாமல் விட்டது, 34 சதவீதம். ஒவ்வொரு முறை துணி போடும்போதும் வடிகட்டியைச் சுத்தம் செய்யுங்கள். வெளியே போகும் குழாயை வருடம் ஒருமுறையாவது சுத்தம் செய்யுங்கள். தூங்கும்போதும் வெளியே போகும்போதும் ஓடவிடாதீர்கள். பெல்ட் மாற்றப் பெட்டியைத் திறக்கும் நாள், உள்ளே எவ்வளவு தூசி சேர்ந்திருக்கிறது என்று கண்ணால் பார்க்கக் கிடைக்கும் நாள். அதற்காகவாவது திறக்கலாம்.

இரண்டு, கொடி. வட அமெரிக்காவின் பல குடியிருப்புகளில் வெளியே துணி காயப்போடுவதே தடை. வீதியின் அழகு கெடுமாம்! கனடாவில் நம் தமிழர்கள் நிறைய வாழும் ஒண்டாரியோ மாநிலத்தில் 2008-இல் அரசு இத்தகைய தடைகளைச் செல்லாதவை ஆக்கியது. அமெரிக்காவில் ஃபுளோரிடா, வெர்மான்ட் உள்ளிட்ட மாநிலங்களில் கொடி கட்டும் உரிமைக்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு. எனவே கோடைக்காலத்தில் தைரியமாகக் கயிறு கட்டுங்கள். டிரையரின் பெல்ட்டும் ரோலரும் அந்த நான்கு மாதம் ஓய்வெடுக்கும், மின் கட்டணமும் குறையும்.

வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளே, உங்களுக்கு ஒரு வீட்டுப்பாடம். இன்று உங்கள் டிரையரின் கதவைத் திறந்து, ஓரத்தில் ஒட்டியிருக்கும் மாடல் எண்ணைக் குறித்து வையுங்கள். அப்படியே டிரம்மைக் கையால் ஒரு சுற்று சுற்றிப் பாருங்கள். நல்ல நிலையில் அது எவ்வளவு கனம் என்று உங்கள் கைக்குத் தெரிந்திருந்தால், கெட்ட அன்று வேறுபாடு உடனே புரியும். யாராவது ஏற்கெனவே பெல்ட்டோ ரோலரோ மாற்றியிருந்தால் கீழே எழுதுங்கள், மற்றவர்களுக்கு உதவும். புதிதாக அங்கே போய்ப் பழைய சாமான்களோடு வாடகை வீட்டில் இருக்கும் தம்பி தங்கைகளுக்கு இதை அனுப்பி வையுங்கள். வாடகை வீடு என்றால் வீட்டுக்காரரிடம் கேட்டுவிட்டுத் திறக்கச் சொல்லுங்கள்.

அடுத்த ஞாயிறு தையல் இயந்திரத்தின் கதை.

அன்புடன்,
உங்கள் டீச்சர்